அந்தச் சட்டையின் நாற்றம்

அன்புள்ள அப்பாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? நான் நலம். போனில் சொன்னால் சிரித்து மழுப்புவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே ஜார்ஜியாவில், நாங்கள் பயிற்சிக்குப் போகும் ஆஸ்பத்திரிக்கு நேற்று ஒரு திராட்சைத் தோட்டத் தொழிலாளியை மயக்கத்தில் தூக்கிவந்தார்கள். எல்லோரும் குடிபோதை என்றார்கள். எனக்கு மட்டும் அந்த நாற்றம் தெரிந்தது. நெல்லுக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு வருவீர்களே, அந்தச் சட்டையின் நாற்றம். வெளிநாட்டு மாணவி வாய் திறக்கலாமா என்று தயங்கினேன். ஆனாலும் இது பூச்சிமருந்து விஷம் என்று சொல்லிவிட்டேன். அதன்பிறகுதான் சரியான ஊசி போட்டார்கள். இன்று கண் திறந்தார்.

"நீ இங்கே இருந்தது நல்லதாயிற்று" என்றார் பேராசிரியர். எனக்கு உங்கள் நினைப்புதான் வந்தது. "இத்தினி வருசமா கையாலதான் கலக்கறேன், இன்னா ஆயிடுச்சி?" என்பீர்கள். அந்தத் தொழிலாளியும் கையால்தான் கலக்கினாராம்.

தவளக்குப்பத்தில் ரப்பர் கையுறை கிடைக்கும், இன்றைக்கே வாங்குங்கள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது. கையுறையோடு ஒரு போட்டோ அனுப்புங்கள். கை மட்டும் போதாது அப்பா, முகமும் தெரிய வேண்டும்.

உங்கள் இலக்கியா