கை நனைத்த வீடு

என் அன்பு ஜெசிந்தா அக்காவுக்கு,

விடுதியில் எல்லோருக்கும் நீங்கள் சிஸ்டர். சமையலறையில் உங்களோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்த எனக்கு மட்டும் அக்கா. நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. உங்கள் இடத்தில் என்னை வார்டனாக உட்கார வைத்திருக்கிறார்கள். மாலை ஜெபம் முடிந்ததும் பிள்ளைகளிடம் நீங்கள் சொல்லும் நாலு வார்த்தையையும் இப்போது நான்தான் சொல்ல வேண்டும். முருகனைக் கும்பிடுகிறவள் மாதா படத்துக்குக் கீழே நின்று என்னத்தைச் சொல்வது? "சண்டை போடாம தூங்குங்க சாமி" என்று முடித்துவிடுகிறேன்.

இன்று எழுதுவது செல்வியைப் பற்றி. பிளஸ் டூ படிக்கிற, மலை மேலே குண்டனி நாட்டுப் பிள்ளை. நர்சாகப் போகிறேன் என்று உங்களுக்குத் தினமும் பிரஷர் பார்த்துச் சொல்வாளே, அவள்தான். கோயில் நோம்பிக்கு ஊருக்குப் போனவள் பத்து நாளாகியும் திரும்பவில்லை.

உங்கள் வழக்கப்படியே தேடிப் போனேன். வராத பிள்ளையின் வீட்டுக்குப் போனால் முதலில் சாப்பாடு, பள்ளிக்கூடப் பேச்செல்லாம் பிறகு. அதட்டக் கூடாது, துருவக் கூடாது. "தப்பு நடந்த பின்னால பெரம்பு தூக்கி என்ன பண்ண? முன்னாலயே பக்கத்துல போயி உக்காரு சரசு" என்பீர்கள். அப்படியே எத்தனை பிள்ளைகளைத் திரும்பக் கூட்டி வந்தீர்கள்!

செல்வி வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். நோம்பிக்கு வந்த சொந்தம் என்று நினைத்துக்கொண்டேன். யார் என்று கேட்கவில்லை, துருவக் கூடாதே. செல்விதான் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் பரிமாறினாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பிசைந்து சாப்பிட்டேன்.

கை கழுவும்போது அவள் அம்மா முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்: "மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க உங்களுக்காகத்தானுங்க காத்திருந்தாங்க. வார்டனம்மாவே கை நனைச்சுட்டீங்க, இனி ஒரு கொறையுமில்லீங்க."

பெண் பார்க்கும் வீட்டில் சம்மதம் இல்லாமல் யாரும் கை நனைப்பதில்லை. அடிவாரத்தில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரிந்தும் கோட்டை விட்டேன். பதினேழு வயதுப் பிள்ளையின் நிச்சயத்துக்கு நானே சாட்சியாகிவிட்டேன்.

பஸ் நிற்கும் இடம் வரை செல்வி கூடவே வந்தாள். "ஏனுங்கம்மா, நீங்களும் சம்மதிச்சுட்டீங்களா?" என்றாள். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். சீ, என்ன மனுஷி நான்!

பக்கத்தில்தானே அக்கா உட்கார்ந்திருந்தேன்? அப்புறம் எப்படி நடந்தது? உங்கள் வழி தப்பா, அதை நான் பிடித்துக்கொண்ட விதம் தப்பா? குழந்தைகளுக்கு உதவும் போன் நம்பரை எடுத்து வைத்திருக்கிறேன். அழுத்த விரல் வரவில்லை. அதிகாரிகளோடு போய் நின்றால் அந்தப் பக்கத்தில் இனி ஒரு வீடாவது நம்மை நம்பிப் பெண்ணை அனுப்புமா? அனுப்பாவிட்டால் போகட்டும் என்றால், மற்ற பிள்ளைகள்? பேசாமல் இருந்தால், செல்வி? மாதாவைக் கேட்டேன், முருகனையும் கேட்டேன். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. நீங்களாவது சொல்லக் கூடாதா?

நாளை முதல் பஸ்ஸில் போகிறேன். பெற்றவர்களிடம் பேசுவதற்கு முன்னால், வாசலிலேயே, எல்லோர் காதிலும் விழும்படி செல்விக்குப் பதில் சொல்வேன்: "இல்ல கண்ணு, நான் சம்மதிக்கல. தெரியாம சாப்பிட்டுட்டேன், என்னை மன்னிச்சுக்க." அதற்குப் பிறகும் அவர்கள் மசியவில்லை என்றால் அங்கே நின்றே அந்த நம்பருக்குப் பேசுவேன். இத்தனை வருஷமாக உங்களுக்குத் திறந்திருந்த வீடுகளில் ஒன்று எனக்கு மூடிக்கொள்ளலாம். கோபித்துக்கொள்ளுங்கள், தாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் இன்னொரு பஸ் ஏறமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
சரசு