சுவரில் ஒட்டியிருந்த ஈரம்

என் அருமை முருகேசா,

அடையாறில் விடாத மழை. லேப் கதவைத் திறந்தாலே காயாத துணி வாசனை. நீ இருந்தால், "ஊருக்கே தண்ணி லாரி வேணும், நமக்கு மட்டும் தண்ணியே ஆகாதுக்கா" என்று ஆரம்பித்திருப்பாய். நீ போய் வருஷம் திரும்பப்போகிறது. குழாயிலிருந்து காற்றை இழுக்கும் பம்ப் மக்கர் செய்கிறது. எனக்கும் தெம்பில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ சிவப்பில் வட்டம் போட்டாயே, அந்தக் கோடு நம்முடையது இல்லைடா.

ஒரு மூலக்கூறு தொலை அகச்சிவப்பு ஒளியை எந்தெந்த அலைநீளத்தில் விழுங்குகிறது என்று கோடு கோடாகப் பார்ப்பதுதானே நம் பிழைப்பு. ஆவி எதுவும் விடாத வெறுங்குழாயை முதலில் அளக்காமல் நீ டீ கூடக் குடிக்கமாட்டாய். அன்றும் அளந்தாய். அதில் அந்தக் கோடு இல்லை. மெத்தனால் ஆவியை விட்டதும் வந்தது. வேறென்ன வேண்டும்? நானும் குதித்தேன்.

போன வாரம் குழாயைச் சுற்றி ஹீட்டர் டேப் கட்டிச் சூடேற்றி, உள்சுவரில் ஒட்டிய ஈரத்தையெல்லாம் பம்பால் இழுத்துவிட்டு அளந்தேன். மற்ற கோடுகள் அப்படியே நிற்கின்றன. உன் கோட்டை மட்டும் காணோம். மெத்தனாலில் சாதா ஹைட்ரஜனுக்குப் பதிலாகக் கன ஹைட்ரஜனை (டியூட்டீரியம்) வைத்திருந்தோமே, அது சுவரின் ஈரத்தோடு இடம் மாறிப் பாதிக் கனநீராகியிருக்கிறது. அந்தத் தண்ணீரின் கோடுதான் அது. கன ஹைட்ரஜனே இல்லாத வெறுங்குழாயில் அது எப்படித் தெரியும்? இந்த ஊர்க் காற்றில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிய நமக்கு ஏன்டா தோன்றவில்லை?

இன்னும் அனுப்பாத நம் கட்டுரையே அந்தக் கோட்டை நம்பித்தான் நிற்கிறது. அதுகூடப் பரவாயில்லை. நீ வட்டம் போட்ட அந்தப் படத்தை ஃப்ரேம் போட்டு உன் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள் உன் மனைவி தேன்மொழி. ஞாயிற்றுக்கிழமை நங்கநல்லூரில் உன் வீட்டுக்குப் போனேன். சொல்லாமலே கிளம்பிவிடலாம் என்று செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். மனசு கேட்கவில்லை. திரும்ப உள்ளே போய்ச் சொன்னேன்.

"அப்ப அவர் பார்த்தது பொய்யாக்கா?"

"பொய்யில்லம்மா. கோடு இருந்துச்சு. அது தண்ணியோடது. நாங்கதான் மெத்தனாலோடதுன்னு நெனச்சுட்டோம்."

கிட்டே போய் அந்தப் படத்தைப் பார்த்தாள். பிறகு, "தண்ணின்னா தண்ணின்னே எழுதிடுங்க. தப்பா போட்டா அவருக்குத் தூக்கம் வராது" என்றாள். படத்தைக் கழற்றவில்லை. முந்தானையால் தூசியைத் துடைத்துவிட்டு காபி போடப் போனாள். நான் கூடத்தில் உட்கார்ந்து அழுதேன்டா.

அலுத்துப்போச்சு. ஆனாலும் ஒவ்வொரு கோட்டையும் சூடேற்றிய குழாயில் மறுபடி அளந்துவிட்டுத்தான் அனுப்புவேன். அந்தக் கோட்டுக்கு நேரே தண்ணீர் என்றே எழுதுவேன். கட்டுரையில் முதல் பெயர் உன்னுடையதுதான். அச்சானதும் கொண்டுவருகிறேன், பழைய படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்துவைக்கத் தேன்மொழியிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் லேப் அக்கா,
வசந்தா