சலவைக்கூடைக்கு வழி விடுக

ஓ கிளேர், விஸ்கான்சின்
மார்ச் 4, 1974

அன்பும் பிடிவாதமும் நிறைந்த என் ஆர்வினுக்கும், வியாழன்தோறும் நம் வீட்டு நிலவறையில் கூடும் தொடர்வண்டித் தோழர்களுக்கும்,

இக்கடிதம் தோழர்கள் முன்னிலையில் உரக்கப் படிக்கப்பட வேண்டும்.

தோழர்களே, மேல்தளத்து மக்களின் பெயரால் முறையிட வந்திருக்கிறேன். ஆர்வின் அனுப்பிய வரைபடத்தை என் அக்கா இங்க்ரிட்டின் சமையலறை மேசையில் விரித்தேன். நீங்கள் ஓட்டும் பொம்மைத் தொடர்வண்டிக்கான பலகைமேடை நிலவறையின் நான்கு சுவர்களையும் சுற்றி வருகிறது. மலை இருக்கிறது. ஏரித்துறை இருக்கிறது. இரும்புக் கனிமம் ஏற்றும் மேடைகூட இருக்கிறது. சலவை இயந்திரத்துக்குப் போகும் வழி எங்கே? மேடை குறுக்கிடும் இடத்தில், என் கணவரின் அழகான கையெழுத்தில், "இங்கே குனிந்து செல்க" என்றிருக்கிறது.

யார் குனிவது? முழங்காலில் அறுவை முடிந்து, அக்கா வீட்டில் ஊன்றுகோலோடு நடை பழகுகிறவள் குனிவதா? காகித ஆலை முதலாளிகளின் முன் தொழிலாளருக்காக நிமிர்ந்து நின்று பேசியவள், விரலகலத் தண்டவாளத்துக்குக் குனிவதா? விடை வேண்டும்.

உரிமையும் அன்பும் குறையாத,
வெர்னா

பி.கு.: வடக்கு மூலையில் ஈரம் வற்றியதா? அது வற்றாமல் ஒரு பலகையும் அடிக்காதே.

*

சுப்பீரியர்
மார்ச் 9

அன்பு வெர்னா,

உரக்கப் படித்தேன். கைதட்டினார்கள். கிளாரன்ஸ் மட்டும், "ஏம்ப்பா, அவங்க வர்றதுக்குள்ள நாங்க வீடு போய்ச் சேந்துரட்டுமா?" என்றான்.

ஈரம் வற்றிவிட்டது. வெளியே மழைக்குழாயை நீட்டி, நீரை வேலிப்பக்கம் திருப்பிவிட்டோம். தரைக்குச் சாம்பல் வண்ணம் பூசியாயிற்று. தண்டவாளத்தில் தூசி விழாதபடி கூரைக்கு அட்டை அடித்தாயிற்று. சுவரெல்லாம் வான நீலம். மூலைகளை வளைத்துவிட்டோம், வானத்துக்கு மூலை ஏது?

குனியும் இடம் வண்டி ஓட்டும் எல்லார் நிலவறையிலும் உண்டு, வெர்னா. நீ கவலைப்படாதே. இனி நீ கீழே வரவே வேண்டாம். துணிகளை நானே துவைத்து மேலே கொண்டுவருகிறேன்.

உன்,
ஆர்வின்

*

ஓ கிளேர்
மார்ச் 13

ஆர்வின்,

நீ கனிவாக எழுதியிருக்கிறாய். அதனாலேயே சினம் கூடுகிறது. துணி துவைப்பது எனக்குப் பேரின்பமா என்ன? தாராளமாக எடுத்துக்கொள். ஆனால் "கீழே வரவே வேண்டாம்" என்றாயே. வானம் தீட்டியிருக்கிறாய், அதை நான் பார்க்க வழி வைக்கவில்லை. சொந்த வீட்டில் பாதியை இழந்து, மறுபாதியில் விருந்தாளியாக வாழ நான் வரமாட்டேன்.

நிமிர்ந்து செல்லும் வழி பிறக்கும்வரை இங்கேயே இருப்பேன். இங்க்ரிட்டின் காப்பி வெந்நீர்தான்; அதையும் தாங்குவேன்.

வெர்னா

*

சுப்பீரியர்
மார்ச் 20

என் வெர்னாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் ஈரத்துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு, ஒரு காலை மடக்காமல் அந்தப் பலகைக்கு அடியில் நுழைந்து பார்த்தேன். பாதியில் சிக்கிக்கொண்டேன். துணி முழுதும் தலையில். படிக்கட்டில் நின்ற கிளாரன்ஸ், "அசையாத. ஓ கிளேருக்குப் போய் அவங்களக் கூட்டியாறேன், இத அவங்க பாக்கணும்" என்றான்.

அங்கே கிடந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வரைபடத்தில் மலைக்கு இடம் தேடினேன். உன் முழங்காலுக்குத் தேடவில்லை. எழுந்ததும் ரம்பத்தை எடுத்து, ஒரு வாரமாக மட்டம் பார்த்துப் பதித்த முதன்மைத் தடத்தை அறுத்துவிட்டேன். இப்போது அங்கே கீல் வைத்த பாலம். தூக்கினால், கூடையோடு நீ நிமிர்ந்தே போகலாம்.

பாலம் எழுந்தால் மின்சாரம் அறுந்து எல்லா வண்டிகளும் நின்றுவிடும். நிற்காவிட்டால் இடைவெளி வழியே தரையில் விழும். கிளாரன்ஸ் புலம்புகிறான்: "அவங்க ஒரு சாக்ஸ் எடுக்கப் போனாக்கூட என் கனிம வண்டி நிக்கணுமா?"

"ஆமாடா, நிக்கணும்" என்றேன்.

முப்பதாம் தேதி, சனிக்கிழமை, முதல் ஓட்டம். வருவாயா?

காத்திருக்கும்,
ஆர்வின்

*

ஓ கிளேர்
மார்ச் 23

தடத்தை அறுத்த என் தங்கமே, தோழர்களே,

இங்க்ரிட்டுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்த சிரிப்பில் காப்பியைக் கொட்டிவிட்டாள், நல்லதாயிற்று.

ஆர்வின், மெய்யாகவே அறுத்தாயா? இரண்டுமுறை படித்தேன். இரண்டாம்முறை எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

ஆயினும் பாலம் போதாது. அத்தனை வண்டிகள் ஓடும் நாட்டுக்கு நிலையத் தலைவர் வேண்டாமா? படிக்கட்டின் கடைசிப் படியருகே ஒரு நாற்காலி போடு. என் கை எட்டும் உயரத்தில் கைகாட்டியின் நெம்புகோலைப் பொருத்து. நான் இறக்கினால் வண்டி போகலாம். ஏற்றினால் நிற்க வேண்டும். முணுமுணுப்பவரின் வண்டியே முதலில் நிறுத்தப்படும் என்று கிளாரன்ஸுக்கு அறிவித்துவிடு. துணிகளை நீயே துவை. நான் பணியில் இருப்பேன்.

சனிக்கிழமைவரை ஏன் காத்திருக்கிறாய்? தூரிகையைக் கீழே வை. காரை எடு. இன்றே வந்து என்னை அழைத்துப் போ.

வெர்னா