சமர்த்து வால்வு

தம்பிக்கு,

காணாமல் போன நீ இறந்துவிட்டாய் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தவளே நான்தான். உனக்கு எப்படிக் கடிதம் எழுதுவது? எனக்குத் தெரியவில்லை.

ஸ்டுடியோவில் பாடகர்களுக்கான பழைய மைக்கின் உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழல் வால்வு போய்விட்டது. அந்த வகையை இப்போது யாரும் செய்வதில்லை. மூன்று மாதம் தேடி ஒரு வியாபாரியிடம் வாங்கினேன். சோதித்தவர் பெட்டியின் மேல் பென்சிலால் சென்ற மாதத் தேதியைப் போட்டு, "சமர்த்து" என்று எழுதியிருந்தார். இரைச்சல் இல்லாத வால்வுக்கு நீ வைத்த பெயர் அது. வேறு யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எழுத்தும் உன்னுடையது போலவே இருந்தது. ஸ்டுடியோவின் காலி அறையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

சோதித்தது யார் என்று வியாபாரியிடம் கேட்டேன்.

"ஒரு ஆளும்மா. வால்வாவது கொஞ்சம் இரையும், அந்த மனுஷன் வாயே தொறக்க மாட்டாரு," என்று சிரித்தார். விலாசம் தர மறுத்துவிட்டார். "சரியில்லன்னா திருப்பி அனுப்புங்க, அவருகிட்டயேதான் போகும்."

நேற்று நிறுத்திய இடத்திலிருந்து தொடர்கிறேன். இன்று வால்வைப் பொருத்தினோம். பாடகி இரண்டு மணி நேரம் பாடினாள். துளி இரைச்சல் இல்லை. அவள் போனதும் அதைக் கழற்றி, "ரொம்ப இரைகிறது" என்று சீட்டு எழுதிப் பெட்டியில் ஒட்டினேன். இந்தக் கடிதத்தை வால்வுக்கு அடியில் மடித்து வைத்து அனுப்புகிறேன்.

அக்கா