ஈரம் பட்ட பொடி

நவம்பர் 12, செவ்வாய்

மழை விடவில்லை. தூக்கமும் வரவில்லை.

எங்கள் லேபில் உயிர்ச் செல்களுக்கு உணவாகக் கரைக்கும் மீடியாப் பொடியைப் பிரித்தால் முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கரைத்துவிட வேண்டும். ஆய்வு மாணவி ரேவதி பாதியைக் கரைத்துவிட்டு, மீதியை ரப்பர் பேண்ட் போட்டு ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறாள். இன்று எடுத்தால் ஈரத்தை இழுத்துக் கட்டி கட்டியாக இருந்தது.

“சலிச்சுட்டா சரியாயிடும் மேடம். எங்க வீட்டுல கடலை மாவை அப்படித்தான் செய்வோம்.”

“செல்லுக்கு என்ன பஜ்ஜியா போடப் போற?” என்றேன். சிரித்தாள். கொட்டிவிடச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

“இருக்கிறதே இதுதான் மேடம். நாளைக்கு மீடியா மாத்தலைன்னா செல்லெல்லாம் செத்துடும். இத்தனை மாச வேலைங்க.”

ஈரம் பட்ட பொடியில் எது கெட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதில் செல் வளர்ந்தாலும் வருகிற முடிவை நம்ப முடியாது. அதைத்தான் சொன்னேன். கொட்டிவிட்டாள்.

ஸ்ரீரங்கம் திரும்பும்போது, காவிரிப் பாலத்தில் பஸ் நின்றிருந்த நேரத்தில், தெரிந்த லேப் ஒன்றுக்குப் போன் செய்து ஒரு பாட்டில் மீடியா கேட்டேன். “பாத்துட்டுச் சொல்றேங்க” என்றார்கள். இன்னும் சொல்லவில்லை.

ரேவதி மறுபடியும் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். “கிடைச்சுதா மேடம்?”

நான் செய்தது சரிதான். அவளுக்கு என்ன பதில் போடுவது என்றுதான் தெரியவில்லை.