இரண்டு டிகிரி

12.6.2008, வியாழன்
காலையிலிருந்து சாரல். மலைமேல் குண்டூர் நாட்டு ஊர்களில் தடுப்பூசி நாள். நான்கு ஊர் போக வேண்டியது, இரண்டோடு திரும்பிவிட்டேன். வலது முழங்கால். இருபத்தாறு வருடம் கிராம நர்ஸாக நடந்த பாதை. இன்று இறக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தேன். ஓய்வுக்கு இன்னும் நாலு வருடம். ஆபீஸ் வேலைக்கு மாற்றல் கேட்டு எழுதிய மனு பையில். கொடுக்க மனமில்லை.

20.6, வெள்ளி
கோவை. மூட்டு முழுக்கத் தேய்ந்துவிட்டதாம். செயற்கை மூட்டுதான் வழி என்றார் டாக்டர். அதற்குப் புதிதாக ரோபோ வந்திருக்கிறதாம். வீட்டுக்காரர் பதறிவிட்டார்.
"ஏனுங்க, மிஷினுங்களா வெட்டும்?"
"இல்லீங்க. ரம்பம் என் கையில. எந்தக் கோணத்துல வெட்டணும்னு அது காட்டிக்கிட்டு நிக்கும்."
மலை ஏறலாமா என்றேன். ஏறலாம், தரையில் மட்டும் உட்காரக் கூடாதாம்.
திரும்பும் பஸ்ஸில் மனுவைக் கிழித்துப் போட்டேன். அவசரப்பட்டேனோ.

4.7, வெள்ளி
ஆபரேஷன் ஆகி மூன்றாம் நாள். இன்றுதான் எழுத முடிகிறது.
முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வைத்ததால் விழித்தே இருந்தேன். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் பேச்சு மட்டும். எலும்பில் மாட்டிய ரோபோவின் சின்ன மோட்டார் முனகல், ரம்பம், பிறகு அமைதி.
"மிஷின் ரெண்டு டிகிரி சாய்வு காட்டுது சார். ஆனா பார்வைக்குச் சரியாத்தான் இருக்கு." சின்ன டாக்டர்.
"எனக்கும் அப்படித்தான் தெரியுது. எலும்புல மாட்டினது அசைஞ்சிருக்கா பாரு."
"அசையல சார்."
பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.
"அப்ப ரம்பம் சறுக்கியிருக்கு. நம்ம கண்ணுதான் தப்பு. திரும்ப சீவிடலாம்."
இதைக் கேட்டதும் ஏனோ பயம் போய்விட்டது.

16.7, புதன்
வீடு. ஐஸ் ஒத்தடம், மடக்கி நீட்டல் இருபது தடவை, வாக்கர். தொண்ணூறு டிகிரி வரை மடங்கியது, அழுதுகொண்டே. சமையல் அவர்தான். உப்புமா அடிப்பிடித்தது.
"தின்னு செல்வி, காலு சீக்கிரம் தேறும்."
தின்றேன்.

23.9, செவ்வாய்
வெயில். மறுபடி வேலை. கைத்தடியோடு முதல் ஊர், ஒன்றரை மணி நேரம். முன்பு நாற்பது நிமிடம்.
பிறந்து பதினோரு நாளான குழந்தை. தாய் பாய் விரித்தாள்.
"கீழ உக்காரக் கூடாது கண்ணு, ஆபரேஷன் பண்ணியிருக்கு."
வீட்டில் நாற்காலி இல்லை. மாமியார் சாமை மூட்டையை இழுத்துப் போட்டாள். "இதுல உக்காருங்க."
காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எடை 2 கிலோ 800. தொப்புள் காய்ந்திருக்கிறது. பால் நன்றாகக் குடிக்கிறது.
"மேட்டு ஊட்டுலயும் ஒரு கொழந்த இருக்குதுங்க. பாறை வழி. நாங்க வேணா தூக்கியாரச் சொல்லட்டுங்களா?"
வேண்டாம் என்றேன். ஏறினேன்.