எரிந்தவருக்கு ஒரு பிளேன்டீ

அன்புள்ள அத்தைக்கு,

சகலருக்கும் அறியத் தருவது யாதெனில், இன்று அதிகாலை நமது லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில், ஐந்தாம் காம்பரா வீட்டுச் சேவல் பாசியில் வழுக்கி விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை, மானச்சேதம் மட்டும்தான். வெட்கத்தில் அது இதுவரை கூவவில்லை. ஆகவே தோட்டத்தில் பாதிப் பேர் இன்னும் விடியவில்லை என்ற நம்பிக்கையில் போர்த்திக்கொண்டு கிடக்கிறார்கள்.

இன்னொரு சின்னச் செய்தியும் உண்டு. உங்கள் நாவல் வந்துவிட்டது.

கொழும்பிலிருந்து ஹட்டன் வழி நுவரெலியா பஸ்ஸில், கோழித்தீனி மூட்டைக்கும் ஒரு பிளாஸ்டிக் கதிரைக்கும் நடுவில் குந்திக்கொண்டு வந்தது. கொட்டகலை பஜாரில் இறக்கி, மழைக்கு ஒதுங்கிய கடை வாசலிலேயே கட்டைப் பிரித்தேன். புது மை வாசம் வரும் என்று மூக்கை வைத்தால், வந்தது என் சட்டை வாசம். ஒரு வாரமாக விடாத மழை. அம்மா என் பள்ளிக்கூடச் சட்டையை அடுப்புக்கு மேல் கட்டித்தான் காயவைத்திருந்தார். உங்கள் புத்தகத்தைத் திறந்தாலே புகை மணக்கிறது என்றால் அது என்னால்தான். இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

பின்னட்டையில் உங்களைப் பற்றி, ‘ஹட்டனில் கைபேசிக் கடையொன்றில் பணிபுரிந்தவர், மலையகத்தின் நகைச்சுவைக் காதல் கதைகளை எழுதியவர்’ என்று போட்டிருக்கிறார்கள். என்னிடம் கேட்டிருந்தால், ‘அண்ணன் மகனின் ரொட்டியில் தினமும் பாதியைக் களவாடியவர், கல்லாவுக்குக் கீழே நாவலை ஒளித்துவைத்து வாசித்ததால் வாடிக்கையாளருக்கு மிச்சக்காசை மாற்றிக் கொடுத்தவர்’ என்று எழுதியிருப்பேன். உண்மையும் கொஞ்சம் இருக்க வேண்டாமா?

கதை பிறந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். வகுப்பில் எனக்குக் ‘கருவாடு’ என்று பெயர் வைத்த நாள் அது. பெயர் வைத்தவனின் பென்சில் பெட்டிக்குள் ஒரு தவளையைக் குடிவைத்துவிட்டுத்தான் வந்தேன், ஆனாலும் மனசு ஆறவில்லை. நீங்கள் வேலை முடிந்து வந்து, குடையை உதறிக்கொண்டே என் சட்டையை மோந்து பார்த்தீர்கள்.

“புகை வாசந்தானே? யாரோ ஒருத்தி ஒன்ன நெனைக்கிறான்னு சொல்லு மருமகனே. ஆளு நெனைச்சா புரையேறும். ரொம்ப நெனைச்சா புகையேறும்.”

அப்படியே அடுப்படியில் உட்கார்ந்து போனில் எழுதத் தொடங்கினீர்கள். நம்ம தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து ஆடுவார்கள் அல்லவா, மன்மதன் வேஷம் கட்டியவரைச் சிவன் எரிப்பதும், மூன்றாம் நாள் அவர் எழும்பி வருவதும். உங்கள் கதாநாயகன் சந்திரனும் எரிந்து, எழும்பி வருகிறான். புகை மட்டும் நிற்கவில்லை. பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் செல்வியைக் காணும்போதெல்லாம் அவன் காலரிலிருந்து புகை கிளம்புகிறது. தோட்டத்தில் ஒருவரும் ஆச்சரியப்படுவதில்லை. கங்காணி, “தம்பி, காஞ்ச மாணாப்புல்லு பக்கம் நிக்காத” என்று சொல்லிவிட்டுப் போகிறார். மழைக்காலம் வந்ததும் பெண்கள் அவனைச் சுற்றிக் கொடி கட்டித் துணி காயப்போடுகிறார்கள். அப்புறம்தான் அவர்களுக்குப் பயம் பிடிக்கிறது: கல்யாணம் ஆனதும் புகை நின்றுபோனால் துணி எப்படிக் காயும்? அதனால் லயமே கூடிச் சதி செய்கிறது. காதல் வளர வேண்டும், கல்யாணம் மட்டும் நடக்கக் கூடாது!

“இதுக்கு மாய யதார்த்தம்னு பேரு. அதைப் போட்டு எல்லாரும் அழவைக்கிறாங்க. நான் சிரிக்க வைக்கப்போறேன் பாரு” என்று காலரை உயர்த்தினீர்கள். தன்னடக்கம் என்ற வியாதி நம் குடும்பத்தில் யாருக்கும் வந்ததில்லை.

பதிப்பகத்து ஐயா போனில் சொன்னது எனக்கும் கேட்டது. “காதல் அருமை. சிரிப்பு அருமை. புகைக்குத்தான் காரணம் இல்லை. கடைசியில செல்வி கண் முழிச்சுப் பாக்குறா, எல்லாம் கனவுன்னு ஒரே ஒரு வரி போடுங்க. அச்சுக்கு அனுப்பிடுறேன்.”

நீங்கள் முடியாது என்றீர்கள். ஒரு வரிதானே என்று நானும் கேட்டேன்.

“ஊசியும் சின்னதுதான் மருமகனே. பலூன்கிட்ட கேட்டுப் பாரு. காதல்ல மாயத்த எடுத்துட்டா மிஞ்சுறது கல்யாணப் பத்திரிகைதான்.”

ஐப்பசியில் அந்தக் காய்ச்சல் வந்தது. நுவரெலியா ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேச்சே இழுத்துக்கொண்டிருந்த நேரத்திலும் என் கையைப் பிடித்து, “கனவுன்னு போட விட்டுறாத” என்றீர்கள். சரி என்றேன். மறுநாள் நீங்கள் இல்லை. செத்த வீட்டில் அழாத ஒரே ஆள் நான்தான் அத்தை. முற்றத்தில் மழைக்குப் படங்கு கட்டினேன், வந்தவர்களுக்கெல்லாம் பிளேன்டீ ஊற்றினேன். ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. இரும்பு மனசு என்று ஊரே பேசிக்கொண்டது.

மாசியில் பதிப்பகத்து ஐயா ரயிலேறி நேரிலேயே வந்துவிட்டார், அப்பாவிடம் கடைசி முடிவு கேட்க. அப்பா முதல் நாளே பாதி இளகியிருந்தார். “ஒரு வரிக்காக என் தங்கச்சி பேரு அச்சுல வராமப் போகணுமாடா?” என்று என்னிடமே கேட்டார். என்னிடம் ஒரு திட்டம் இருந்தது.

ஐயா வந்தது, காமன் எரிந்ததற்கு மறுநாள். மன்மதன் வேஷம் கட்டி எரிந்தவர் எழும்பும் வரைக்கும் நம்ம தோட்டத்தில் அவர் கணக்கில் இல்லை; காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலும் பெயர் கூப்பிட மாட்டார்கள். இந்த வருஷ மன்மதன், கொழுந்து லொறி ஓட்டும் மாமா. அவர் டீ குடிக்க வரும் நேரம் பார்த்து, ஐயாவையும் அப்பாவையும் கீழ்க்கடைக்கு அனுப்பிவைத்தேன்.

நல்ல மழை. மாமா நனைந்துகொண்டே வந்து ஐயா இருந்த அதே வாங்கில் உட்கார்ந்தார். கடைக்கார அக்கா அவரைப் பார்க்காமலே அவர் முன்னால் பிளேன்டீயை வைத்தார். ஐயா வணக்கம் சொன்னார். மாமா கூரையைப் பார்த்தார்.

“அவருக்குக் காது கேக்காதா?”

“யாருக்குங்க?” என்றார் அக்கா.

“இந்தா, இவருக்குத்தான்.”

“அங்க யாரும் இல்லீங்களே. அவரு நேத்து எரிஞ்சு போயிட்டாருங்க. நாளைக்கு எழும்பிருவாரு.”

“அப்ப இந்த டீ?”

“என்னாங்க இப்பிடிக் கேக்குறீங்க? எரிஞ்சவருக்கும் குளிரும்தானுங்களே.”

அந்த நேரம் பார்த்து, கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த ஒரு பெரியம்மா, நனைந்த தலைத்துண்டைப் பிழிந்து மாமாவின் பக்கத்தில் விரித்துப் போட்டார். “எரிஞ்ச எடந்தானே, சுருக்கா காயும்.” யாரும் சிரிக்கவில்லை.

ஐயா அந்தத் துண்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், “புகை இருக்கட்டுங்க. கனவு வேணாம்” என்றார்.

இன்றைக்கு வந்து பாருங்கள் அத்தை. ரேஷன் கூப்பனைத் தவிர வேறெதையும் வாசித்தறியாத அப்பா, புத்தகத்தை விரித்து வைத்து லயம் லயமாக நடக்கிறார். பீலிக்கரையில், கதையில் துணி காயப்போடும் அந்த வாயாடி யார் என்று சண்டை. மூன்று பேர் ‘அது நான்தான்’ என்கிறார்கள். இப்போது நான் மழைநாளில் சட்டையை நானே அடுப்புக்கு மேல் கட்டுகிறேன். ‘கருவாடு’ என்று கூப்பிட்டால், “ஆமா, நாவல்லயே வந்த கருவாடு” என்கிறேன். கடைக்கு ஐயாவை அனுப்பி மடக்கிய திட்டம் முழுக்க என் மூளை என்று பஜார் முழுக்கச் சொல்லியும் வைத்திருக்கிறேன்.

உங்களிடம் மட்டும் ஒன்று.

என் திட்டம் அது இல்லை. கடைக்குப் பின்னால் ஒரு தகரத்தில் கரியும் சாம்பிராணியும் போட்டு, பலகை இடுக்கு வழியாக மாமாவின் காலருக்குப் புகை விடுவதுதான் திட்டம். மழையில் எல்லாம் நமத்துப் போனது. ஊதினேன், ஊதினேன், ஒன்றும் ஆகவில்லை. உள்ளே நடந்ததில் ஒரு சொல்லும் நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. வருஷா வருஷம் நடப்பதுதான் நடந்தது. நீங்கள் எழுதியதுதான் நடந்தது. ‘எரிஞ்சவருக்கும் குளிரும்தானுங்களே’ என்று அக்கா சொன்னபோது, தகரத்தின் முன்னால் குந்தியபடி பலகை இடுக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பா பின்பக்கம் வந்து, “என்னாடா கண்ணெல்லாம் செவந்து கெடக்கு?” என்றார்.

“புகைப்பா” என்றேன்.

அப்பா தகரத்தைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து என் தலையில் போட்டுவிட்டுப் போனார்.

தீ பத்தவே இல்லை, அத்தை.

இப்படிக்கு,
உங்கள் கருவாடு